மெக்கானிக்கல் வாட்ச் பாகம் வைத்த ஆடம்பர மொபைல்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஈரோட்டான்:
வணக்கம் நண்பர்களே. துபாயில் இருக்கும் மச்சான் மூலமாக யுலிஸ் நார்டின் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனியின் சேர்மன் போன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெட்டி, சார்ஜர், பேப்பர் எல்லாம் அப்படியே இருக்கிறதாம். சந்தைக்கு வந்தபோது மாடலைப் பொறுத்து சுமார் 13,000 டாலரில் தொடங்கி 50,000 டாலர் பக்கம் வரை விற்ற போன். இப்போது கேட்பது அதில் ஒரு சின்னப் பங்குதான், ஆனாலும் எனக்கு அது பெரிய தொகை. பின்பக்கம் ஆட்டோமேட்டிக் வாட்சில் இருப்பது மாதிரியே ஒரு ரோட்டர் (அசைவில் சுழலும் எடைத் தகடு) வெளியே தெரியும்படி ஆடுகிறது, நாம் நடக்க நடக்க பேட்டரிக்கு சார்ஜ் ஏறும் என்கிறார்கள். எனக்கு வாட்ச் என்றால் உயிர், சாவி கொடுக்கும் எச்எம்டி ஜனதா முதல் சீக்கோ வரை வைத்திருக்கிறேன். அலமாரியில் பூட்டி வைக்கும் பொருளாக வேண்டாம், கையில் எடுத்துப் புழங்க வேண்டும். இந்த மெக்கானிக்கல் சமாச்சாரம் உண்மையிலேயே ஏதாவது வேலை பார்க்கிறதா, இல்லை அலங்காரம்தானா? இதே வகையில் வேறு போன்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

சர்க்யூட் சாமி:
ரோட்டர் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: ரோட்டர் 50 கிராம், ஒவ்வொரு ஆட்டத்திலும் அதன் எடை 4 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அப்படியானால் ஒரு ஆட்டத்தில் கிடைப்பது 0.02 ஜூல். அந்தக் காலத்து 1000 எம்ஏஎச், 3.7 வோல்ட் பேட்டரி ஒன்றில் அடங்குவது 13,000 ஜூலுக்குச் சற்று மேல். காலி பேட்டரி நிறைய ஆறரை லட்சம் ஆட்டத்துக்கு மேல் வேண்டும், அதுவும் உராய்விலும் ஜெனரேட்டரிலும் துளிகூட வீணாகாமல். நொடிக்கு இரண்டு அடி என்று ஒரு மணி நேரம் விடாமல் நடந்தால் 7,200 ஆட்டம், 144 ஜூல், அதாவது பேட்டரியில் ஒரு சதவீதம். நிஜத்தில் இதில் பாதி சேர்ந்தாலே பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்தில் போன் டவரோடு தொடர்பில் இருப்பதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு செலவாகிவிடும்.

இதே தத்துவம் வாட்சில் பிரமாதமாக ஓடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். ரோட்டர் ஆட்டத்திலேயே சார்ஜ் ஏறும் குவார்ட்ஸ் வாட்சான சீக்கோ கைனடிக் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். குவார்ட்ஸ் வாட்ச் ஓட ஒரு மைக்ரோவாட் அளவு போதும். 3 கிராம் ரோட்டர் 1 சென்டிமீட்டர் இறங்கி ஏறினாலே ஒரு மணி நேர நடையில் 2 ஜூல் கிடைக்கும், பாதிக்கு மேல் வீணானாலும் மிச்சம் ஒரு வாரம் ஓட்டிவிடும். ஜிஎஸ்எம் போனோ பேசும்போது உச்சத்தில் 2 வாட் வரை அலையாக வெளியே விடும். ஒரு மைக்ரோவாட்டுக்கும் 2 வாட்டுக்கும் நடுவில் இருபது லட்சம் மடங்கு. யார் எவ்வளவு திறமையாக ரோட்டர் செய்தாலும் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது.

ஈரோட்டான்:
இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை, நன்றி சாமி சார். ஒரு சதவீதம் என்றால் அதை நம்பி வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஆனால் ரோட்டர் ஆடுவது பார்க்க நன்றாக இருக்கிறது என்பதும் உண்மை.

பல்சக்கரம்:
சாமி கணக்கு சரி. நான் வாட்ச் பழுது பார்ப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

யுலிஸ் நார்டின் லேசுப்பட்ட கம்பெனி கிடையாது. 1846இல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் தொடங்கி, கப்பல்களில் வைக்கும் மெரைன் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரத்தில் பெயர் எடுத்தவர்கள். குவார்ட்ஸ் வந்து சுவிஸ் கம்பெனிகள் படுத்துக்கிடந்தபோது, 1983இல் ரோல்ஃப் ஷ்னைடர் அதை வாங்கித் தூக்கி நிறுத்தினார். அவர் காலத்தில்தான், 2009 பாசல் வாட்ச் கண்காட்சியில், சேர்மன் அறிவிக்கப்பட்டது. போன் பக்கத்து வேலையைப் பார்த்தது எஸ்சிஐ இன்னோவேஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனம். அறிவிப்புக்கும் ஆட்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருடம் போய்விட்டது, அது ஸ்மார்ட்போன் உலகம் தலைகீழாகப் புரண்ட காலம். வாட்ச் தொழிலில் ஒரு புது மூவ்மெண்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) வடிவமைக்க ஐந்து வருடம் எடுத்துக்கொண்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நூறு வருடத்துக்கு முன்னால் போட்ட டிசைனை லேசாக மாற்றி இன்றும் விற்கலாம். போனில் அந்த நிதானத்துக்கு இடமே இல்லை. இந்த இரண்டு தொழில்களின் கால ஓட்டமே வேறு வேறு, ஒரே பெட்டிக்குள் போட்டால் எது சீக்கிரம் சாகுமோ அதன் ஆயுள்தான் மொத்தப் பெட்டிக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ரோட்டர் என்றால் பேரிங் இருக்கும், பேரிங் என்றால் தேயும், எண்ணெய் காயும். ஆட்டோமேட்டிக் வாட்சை ஐந்து ஆறு வருடத்துக்கு ஒருமுறை கழற்றி சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் பேரன் காலம் வரை ஓடும். சேர்மனை யாரிடம் கொடுப்பீர்கள்? என்னைப் போல வாட்ச் பார்ப்பவன் அதன் சர்க்யூட் பக்கம் கை வைக்கமாட்டான். போன் சர்வீஸ் செய்பவர் ரோட்டரைத் தொடப் பயப்படுவார். எனக்கே அப்படி ஒரு போன் ரிப்பேருக்கு வந்தது (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்). உரிமையாளர் ஏற்கெனவே இரண்டு இடத்தில் அலைந்துவிட்டு வந்திருந்தார், திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிக் கொடுத்துவிட்டேன்.

நீலா:
எல்லோரும் பயன், பயன் என்றே பேசுகிறீர்கள். மெக்கானிக்கல் வாட்சே இன்று பயனுக்காக வாங்கும் பொருளா? 500 ரூபாய் குவார்ட்ஸ் அதைவிடச் சரியாக நேரம் காட்டும். இருந்தும் ஏன் வாங்குகிறோம்? ஒரு மனிதன் கையால் செதுக்கிய பல்சக்கரங்கள் நம் கண் முன்னால் ஓடுவதைப் பார்க்கத்தான். கழுத்தில் போடும் ஆரத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லையே. இந்தப் போன்களையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் என்ன குறை?

அப்புறம் சேர்மனை மட்டும் வைத்து மொத்த வகையையும் ஒதுக்கிவிடாதீர்கள். செல்சியஸ் எக்ஸ் சிக்ஸ் டூ என்று ஒரு கம்பெனி இருந்தது, 2006இல் தொடங்கியது. அவர்கள் லெடிக்ஸ் என்று ஒரு மடக்குப் போன் செய்தார்கள், விலை சுமார் 2 லட்சம் யூரோ. மூடியில் முழு டூர்பியான் வாட்ச் (நேரத்தை அளக்கும் பகுதியே ஒரு கூண்டில் சுழலும் வகை), மெக்கானிக்கல் பாகங்கள் மட்டும் 547. அதில் என்னைக் கவர்ந்த விஷயம், போனை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடியின் கீல் அசைவிலேயே வாட்சுக்குச் சாவி ஏறும். பட்டாம்பூச்சி என்று பொருள்படும் பெயரைத்தான் அந்த ஏற்பாட்டுக்கு வைத்தார்கள். யாரும் தனியாகத் திருக வேண்டாம், பேச எடுக்கிறோம், கடிகாரத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. இதை வெறும் அலங்காரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று உதவுகிற இடம் அது.

சர்க்யூட் சாமி:
நீலா, கீல் யோசனை அழகுதான், அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், அங்கே போன்தான் வாட்சுக்கு உதவுகிறது. வாட்ச் போனுக்கு என்ன செய்தது? 2 லட்சம் யூரோ கொடுத்தவருக்குக் கிடைத்த போன் பகுதி சாதாரண மடக்குப் போன். ஆரத்துக்கும் வேலை இல்லைதான், ஆனால் ஆரம் செய்த தங்கம் நாளைக்கும் தங்கம், உருக்கினாலும் விலை உண்டு. போனின் சிப் நாளைக்குக் குப்பை.

நீலா:
தங்க விலைக்காகவே ஆரம் போடுகிறவர்கள் உண்டு, வேலைப்பாட்டுக்காகப் போடுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். விலை திரும்பி வருமா என்பது என் கேள்வி அல்ல, அந்த உழைப்பு வீணாகப் போகிறதா என்பதுதான்.

பழைய நோக்கியா:
ஒரு முக்கியமான போனை யாருமே சொல்லவில்லை. மோட்டோரோலா ஆரா. 2008 கடைசியில் வந்தது, 2,000 டாலர். இது என் கையில் இருக்கிறது, இப்போதும் இதை எடுத்துத் திறந்து மூடாமல் என் நாள் போகாது.

மற்ற ஆடம்பரப் போன்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், இதில் வாட்ச் கிடையாது, வாட்ச் செய்கிற முறைதான் இருக்கிறது. மேல் மூடி கத்தி விரிவது போல பக்கவாட்டில் சுழன்று திறக்கும். கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளினால் தொடக்கத்தில் எண்ணெய்க்குள் நகர்வது மாதிரி ஒரு மெல்லிய இழுவை இருக்கும், ஒரு கட்டம் தாண்டியதும் ஸ்பிரிங் தன் கைக்கு எடுத்துக்கொண்டு மிச்ச தூரத்தை அதுவே கொண்டுபோய் நிறுத்தும், தடாலென்று அடிக்காது, கடைசியில் வேகம் குறைந்து உட்காரும். உள்ளே 130க்கும் மேற்பட்ட பால்ரஸ்கள், டங்ஸ்டன் கார்பைடு பூச்சு போட்ட பல்சக்கரங்கள், முதன்மை பேரிங் சுவிட்சர்லாந்தில் செய்தது. பின்பக்கம் சின்னதாக ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள், மூடியைத் திருப்பும்போது உள்ளே சக்கரம் சுற்றுவது தெரியும். திரை வட்டம், வாட்ச் முகம் மாதிரியே, அதன் மேல் 62 காரட் சஃபையர் கண்ணாடி. சாவியையும் சில்லறையையும் அதே பையில் போட்டு வைத்திருக்கிறேன், கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது.

கேமரா 2 மெகாபிக்சல், 3ஜி கிடையாது, ஆண்ட்ராய்டு கிடையாது. வந்த காலத்திலேயே இதைத்தான் குறையாகச் சொன்னார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கீல் போனைத் திறக்கிறது. அது இல்லாவிட்டால் போனே இல்லை. மெக்கானிக்கல் பாகம் வேலை செய்கிறதா என்ற ஈரோட்டானின் கேள்விக்கு இந்தப் போனில்தான் எனக்கு நேர் பதில் கிடைத்தது.

இதற்கு முன்னால் 2005இல் வந்த நோக்கியா 8800ஐயும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஸ்டீல் உடம்பு, ஸ்லைடில் பால்ரஸ், ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு மேலே போகும். பேட்டரி அவ்வளவு சின்னது என்பதால் பெட்டியிலேயே இரண்டு பேட்டரி வைத்துக் கொடுத்தார்கள்.

பல்சக்கரம்:
நோக்கியாக்காரரே, ஆராவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. "வாட்ச் செய்கிற முறை" என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, அதுதான் விஷயம். உராய்வைக் குறைப்பது, ஸ்பிரிங்கின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, லட்சம் தடவை அசைந்தாலும் தேயாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் முந்நூறு வருடமாக வாட்ச்காரர்கள் கற்றுக்கொண்ட வித்தை. அந்த வித்தையைப் போனில் அசையும் இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். வாட்சைத் தூக்கி முதுகில் ஒட்டினால் இரண்டும் அதனதன் வேலையைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மரீனா காற்று:
வெர்ட்டு என்ற ஆடம்பரப் போன் கம்பெனியை விட்டுவிட்டீர்களே. அதில் கீபேடு பொத்தானுக்கு அடியில் மாணிக்கக் கல் பேரிங் வைத்திருப்பார்கள், வாட்சில் வைப்பது போலவே. அது இந்தக் கணக்கில் வராதா?

கல் பட்டறை:
வரும். கல்லைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், இதுதான் எங்கள் குடும்பத் தொழில். திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிய தலைமுறை நாங்கள்.

வாட்சில் மாணிக்கம் வைக்கும் யோசனை 1704லேயே லண்டனில் காப்புரிமை பெற்றுவிட்டது, நிக்கோலா ஃபாசியோ என்ற சுவிஸ்காரர் கல்லில் துளை போடும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அன்று அது இயற்கைக் கல், விலை அதிகம். 1902இல் பிரான்சில் வெர்னோய் என்பவர் அலுமினா தூளைத் தீச்சுவாலையில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதோடு கல் விலை விழுந்தது. இன்று வாட்சில் "17 ஜுவல்ஸ்" என்று எழுதியிருந்தால் அந்தப் பதினேழும் செயற்கைக் கல்தான், மொத்த வாட்ச் விலையில் அதன் பங்கு மிகக் குறைவு. மாணிக்கம், சஃபையர் இரண்டும் ஒரே பொருள், கொரண்டம், பத்து வரை போகும் மோஸ் அளவில் கடினம் 9. கீறல் விழாது, தேயாது, மெருகு போட்டால் எஃகு அதன் மேல் வழுக்கி ஓடும். ஆனால் ஓங்கி அடித்தால் தெறித்துவிடும், வளையத் தெரியாது.

எனவே வெர்ட்டு பொத்தானுக்கு அடியில் மாணிக்கம் வைத்தது வேலைக்கு உதவுகிற காரியம்தான், பொத்தான் வருடக்கணக்காக ஒரே மாதிரி அழுந்தும். அதற்காகப் போன் விலை ஏறியது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல் என்றதும் ரத்தினக் கடை விலையை மனதில் நினைத்துக்கொண்டு காசை எண்ணிக் கொடுத்தவர்கள் பலர்.

சிங்கை வாசி:
வெர்ட்டு பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் முதலாளி ஒரு சிக்னேச்சர் வைத்திருந்தார். கையில் வாங்கினால் கனம் தெரியும், பொத்தான் ஒவ்வொன்றும் டிக் என்று தெளிவாக அழுந்தும். பக்கவாட்டில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் எந்த நேரத்திலும் ஒரு ஆள் பேசுவார், ஹோட்டல், விமான டிக்கெட் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். நோக்கியாவின் தலைமை டிசைனராக இருந்த ஃபிராங்க் நுவோவோ 1998இல் தொடங்கிவைத்த கம்பெனி, முதல் போன் 2002இல் வந்தது. இங்கிலாந்தில் சர்ச் குரூக்கம் என்ற ஊரில் ஒவ்வொரு போனையும் ஒரே ஆள் கையால் பூட்டி, உள்ளே கையெழுத்தும் போடுவார்.

இப்போது கதையின் மறுபக்கம். 2012இல் நோக்கியா கம்பெனியை விற்றது, அதற்குப் பிறகு கை மாறிக்கொண்டே போய் 2017 ஜூலையில் இங்கிலாந்துத் தொழிற்சாலையை மூடினார்கள், ஏறத்தாழ 200 பேருக்கு வேலை போனது. அந்தப் பெயரில் பிற்பாடு வந்தவை வேறு ஆட்களின் சரக்கு. அதே 2017 ஏப்ரலில் இங்கே சிங்கப்பூரில் மூன்று கம்பெனிகளும் 2ஜியை நிறுத்திவிட்டன. முதல் சிக்னேச்சர் 2ஜி போன். மாணிக்கம் தேயவில்லை, ஸ்டீல் துருப்பிடிக்கவில்லை, சஃபையரில் கீறல் இல்லை, ஆனால் ஒரே நாளில் அதிலிருந்து யாரையும் கூப்பிட முடியாமல் போய்விட்டது. 3ஜி போன்களும் 2024இல் அதே வழியில் போயின. கையால் செய்த அந்த மனிதரின் உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

நீலா சொன்ன "உழைப்பு வீணாகிறதா" என்பதற்கு என் பதில் ஆம், வீணாகிறது. செய்தவர் குறையால் அல்ல, டவர் நடத்துகிறவர் ஒரு தேதி குறித்ததால்.

ஈரோட்டான்:
சிங்கை அண்ணா, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. இந்தியாவில் நிலைமை என்ன?

சர்க்யூட் சாமி:
இங்கே விசித்திரமான நிலைமை. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடிவிட்டது, 2ஜியை வைத்திருக்கிறது. ஜியோவில் ஆரம்பத்திலிருந்தே 2ஜி கிடையாது. 2011 வாக்கில் வந்த எந்தப் போனிலும் 4ஜி வழியே குரல் போகும் வசதி இல்லை, எனவே சேர்மனாக இருந்தாலும் ஆராவாக இருந்தாலும் இங்கே பேசுவது 2ஜியில்தான். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் நடக்கும், ஓடிபி வரும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சேர்மனின் ஆண்ட்ராய்டு மிகப் பழையது. 5.0க்குக் கீழே வாட்ஸ்அப் ஓடாது, வங்கி ஆப் பக்கமே போக முடியாது. ஒரு வேடிக்கை பாருங்கள், ஸ்மார்ட்போனாக வந்த சேர்மனைவிட ஒன்றும் தெரியாத ஆரா இன்றைக்கு அதிகம் பயன்படும். ஆரா என்ன செய்வேன் என்று சொன்னதோ அதை இன்னும் செய்கிறது.

மரீனா காற்று:
அப்படியென்றால் போனை நாமே மாற்றிக்கொள்கிற மாதிரி செய்தால்? 2022இல் கேவியர் என்ற ரஷ்யக் கம்பெனி ஐபோன் 14 ப்ரோ முதுகில் நிஜ ரோலெக்ஸ் டேடோனாவைப் பதித்து விற்றதே. விலை சுமார் 1,34,000 டாலர், மொத்தம் மூன்றே மூன்று. போன் பழசானால் வாட்சைக் கழற்றி அடுத்த போனில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பல்சக்கரம்:
இதற்குக் கொஞ்சம் விளக்கமாகவே பதில் சொல்கிறேன், இதில் என் மனசு அடித்துக்கொள்கிறது.

முதலில் ரோலெக்ஸுக்கும் ஆப்பிளுக்கும் அந்தப் போனோடு சம்பந்தம் இல்லை, வெளியே வாங்கி மாற்றி அமைத்தது. டேடோனா மணிக்கட்டில் கட்டுவதற்கு உருவானது. ஆட்டோமேட்டிக், கை அசைய அசைய சாவி ஏறும். முழுச் சாவிக்கு மூன்று நாள் ஓடும். போனின் முதுகில் பதித்துவிட்டால் அது மேசையில் குப்புறக் கிடக்கும், இல்லையென்றால் கவருக்குள் மூச்சுமுட்டும். வேகமாக நகரும் ஒரு மணிக்கட்டை நம்பிச் செய்த பொருளைப் படுக்கவைத்துவிட்டார்கள்.

அடுத்தது காந்தம். மெக்கானிக்கல் வாட்சுக்குப் பெரிய எதிரி காந்தம். வாட்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், வாட்ச் ஒரு நாளில் நிமிடக்கணக்கில் வேகமாக ஓடும். என்னிடம் "ரொம்ப ஃபாஸ்டாகப் போகிறது சார்" என்று வருகிறவற்றில் நிறைய இந்தக் கேஸ்தான், ராத்திரி வாட்சைப் போன் மேலேயோ டேப்லெட் கவர் மேலேயோ கழற்றி வைத்திருப்பார்கள். காந்தம் இறக்கும் மெஷினில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். போனில் ஸ்பீக்கருக்குள் காந்தம், வைப்ரேட்டரில் காந்தம், 2020 கடைசியிலிருந்து வந்த பெரும்பாலான ஐபோன்களில் சார்ஜருக்காக முதுகிலேயே காந்த வளையம். டேடோனாவில் இருப்பது நயோபியம், ஜிர்கோனியம் கலந்த நீல நிற ஹேர்ஸ்பிரிங், அது காந்தத்துக்கு மசியாது, சரி. ஆனால் சாதாரண ஸ்பிரிங் போட்ட மூவ்மெண்டைப் போனுக்குள் வைப்பது நோயாளியைத் தொற்றுக்கு நடுவில் படுக்கவைக்கிற காரியம்.

மூன்றாவது, லெடிக்ஸில் இருந்த டூர்பியான். இதில் நீலா பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நானே எடுத்துச் சொல்கிறேன். ப்ரெகே 1801இல் டூர்பியானுக்குக் காப்புரிமை வாங்கியபோது கைக்கடிகாரம் புழக்கத்தில் இல்லை. கோட்டுப் பையில் செங்குத்தாகத் தொங்கும் கடிகாரத்துக்காக அதைச் செய்தார். செங்குத்தாக நிற்கும்போது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் எடையில் இம்மி ஏற்றத்தாழ்வு இருந்தாலும் புவியீர்ப்பு ஒரே பக்கம் இழுத்து நேரம் பிசகும். பேலன்சையும், பல்சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடும் எஸ்கேப்மெண்டையும் ஒரு கூண்டில் வைத்து அந்தக் கூண்டையே, பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று, சுழலவிட்டால் பிசகு எல்லாத் திசையிலும் பரவி ஒன்றையொன்று அடித்துவிடும். மணிக்கட்டு எப்படியும் நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருப்பதால் அங்கே டூர்பியானுக்குப் பெரிய வேலை இல்லை. சட்டைப் பையில் நிற்கும் போனுக்குள் வைத்தால் ப்ரெகே நினைத்த இடத்துக்கே அது திரும்பிப் போகிறது. லெடிக்ஸ் செய்தவர்கள் அந்த வகையில் வாட்ச் சரித்திரம் தெரிந்தவர்கள். ஆனால் போனை நாம் பாதி நாள் மேசையில் படுக்கவைக்கிறோம், படுத்துக்கிடக்கும் கடிகாரத்தில் டூர்பியான் எதையும் திருத்தாது.

கடைசியாக ஒரு தகவல். செல்சியஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் எதுவார் மெய்லான். அவர்தான் 2013இல் எச். மோசர் வாட்ச் கம்பெனியின் தலைமைக்கு வந்தார். 2016இல் மோசர் வெளியிட்ட ஸ்விஸ் ஆல்ப் வாட்ச் நினைவிருக்கிறதா? வெளியே பார்த்தால் ஆப்பிள் வாட்ச் அச்சு அசல், உள்ளே சாவி கொடுக்கும் சுத்தமான மெக்கானிக்கல், பேட்டரி, சிப் எதுவும் கிடையாது. போனுக்குள் டூர்பியானை வைத்த அதே மனிதர் அடுத்து எலக்ட்ரானிக்ஸை முழுசாகவே வெளியே எடுத்துவிட்டார். அந்த வாட்ச் இன்றும் ஓடுகிறது, எந்த நாட்டில் எந்த டவரை அணைத்தாலும் ஓடும். என் வாக்கு அதற்குத்தான்.

நீலா:
பல்சக்கரம் சார், பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மெய்லான் விஷயம் எனக்குப் புதிது. ஆனாலும் என் கருத்தில் நான் நிற்கிறேன். லெடிக்ஸ் மாதிரி ஒன்றைச் செய்து பார்த்ததால்தானே எந்த இடத்தில் இரண்டும் சேரும், எங்கே சேராது என்பது தெரிந்தது. விலை கொடுக்கக்கூடியவர்கள் அதற்குக் காசு போட்டார்கள், அந்தக் காசில் ஒரு கீல் வழியாகச் சாவி கொடுக்கும் வேலைப்பாடு உலகத்துக்குக் கிடைத்தது. போன் செத்தாலும் மூடியில் இருக்கும் கடிகாரத்தைத் திறந்து மூடி ஓட்டலாம். எனக்கு அது போதும்.

பழைய நோக்கியா:
மடக்குப் போன் இப்போது திரும்பி வந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லையா? திரையே மடிகிற போன்களில் கீல்தான் உயிர், அதில் கேம் (அசைவைத் திருப்பும் வளைந்த சக்கரம்), ஸ்பிரிங், சின்னச் சின்னப் பல்சக்கரம் எல்லாம் இருக்கிறது. 2008இல் ஆராவுக்குச் செய்த மாதிரி அக்கறை இன்று அங்கேதான் தேவை. ஆடம்பரப் போன் செய்கிறவர்கள் முதுகில் தங்கம் ஒட்டுவதை விட்டுவிட்டு அந்தக் கீலில் காசைப் போட்டால் நான் கடன் வாங்கியாவது வாங்குவேன்.

சிங்கை வாசி:
இதற்கு நூறு லைக்.

ஈரோட்டான்:
எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் சேர்மன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ரோட்டர் செய்கிற வேலையை என் கையில் இருக்கும் சீக்கோ பல மடங்கு நன்றாகச் செய்கிறது, அதற்கு மேல் எனக்குக் காரணம் வேண்டாம். ஆனால் ஆரா மேல் கண் விழுந்துவிட்டது. நோக்கியாக்காரரே, பழசு வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கீலுக்கு எண்ணெய் போட வேண்டுமா?

பழைய நோக்கியா:
கீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெதுவாகத் திறந்து பாருங்கள், நடுவில் எங்கேயும் கரகரவென்று உரசக் கூடாது, பாதியில் விட்டால் ஒரு பக்கமாகப் போய் உட்கார வேண்டும், தொங்கக் கூடாது. முழுக்கத் திறந்த நிலையில் மூடியைப் பிடித்து லேசாக ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. வட்டத் திரையின் ஓரத்தில் மங்கல் இருக்கிறதா பாருங்கள், சஃபையர் தப்பித்தாலும் கீழே இருக்கும் திரை வயதாகியிருக்கும். பேட்டரி உப்பியிருந்தால் உடனே வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள், பின்மூடியைத் தள்ளி வளைத்துவிடும். சென்னைப் பக்கம் வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அளவு பார்த்து செல் மாற்றித் தருபவர்கள் கிடைப்பார்கள். சிம் பழைய பெரிய அளவு, நானோ சிம்முக்கு அடாப்டர் போட வேண்டும், அடாப்டர் மலிவாக இருந்தால் சிம் தட்டின் பின்னை இழுத்துக்கொண்டு வந்துவிடும், அது நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். ஏர்டெல் அல்லது பிஎஸ்என்எல் போட்டுப் பேசிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பல்சக்கரம்:
எண்ணெயை மட்டும் நீங்களாகப் போட வேண்டாம் தம்பி. கடையில் துரு நீக்க விற்கிற ஸ்ப்ரே அடித்தால் பேரிங்கில் இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், அப்புறம் தூசி ஒட்டி இறுகும். கீல் இறுக்கமாக இருந்தால் வாங்கிவிட்டு என்னிடம் அனுப்புங்கள், இதில் ரோட்டரும் இல்லை, சர்க்யூட்டைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை, கீலை மட்டும் சுத்தம் செய்து கொடுக்க என்னால் முடியும்.